அறுபத்திரண்டாவது மண்

வீட்டில் மாவு சலிப்பதும் அவள்தான், அலுவலகத்தில் மண் சலிப்பதும் அவள்தான். வீட்டில் சலிக்கும்போது வாய் ஓயாமல் பேசுவாள். அலுவலகத்தில் தூசிக்குப் பயந்து மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வதால் பேச வழியில்லை. அதனாலேயே மண் ஆய்வகத்தில் அவளுக்கு "ரொம்ப அமைதியானவங்க" என்று பெயர். இந்தச் செய்தி வீட்டுக்கு வந்த அன்று அவள் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புரையேறி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேற யாரையோ சொல்லியிருப்பாங்க" என்றார்.

சல்லடையம்மா என்பது பட்டப்பெயர். வைத்தவர் அவளுடைய கொழுந்தனார். அவரும் அதே அலுவலகம்தான். அங்கங்கே போய் ஆளுயரக் குழி வெட்டி, அடுக்கடுக்காக மண் எடுத்து வருவது அவர் வேலை. பழிக்குப் பழியாக இவள் அவருக்குக் குழியார் என்று வைத்தாள். இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன. சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருவருக்கும் சொந்தப் பெயர்.

குழியார்தான் முதலில் அவளுக்குச் சக ஊழியர், அப்புறம்தான் கொழுந்தன். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், டிபன் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே பேச்சை எடுத்தார். "எங்கண்ணன் ஒருத்தர் இருக்கார். மழை பெஞ்சா எவ்வளவுன்னு எழுதுவார். பெய்யலைன்னா பூஜ்யம்னு எழுதுவார். வேற கெட்ட பழக்கம் எதுவும் இல்லை." அவள் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள். கல்யாணம் ஆன பிறகுதான் அதில் ஒரு வார்த்தைகூட வேடிக்கை இல்லை என்று தெரிந்தது.

ஊர் எல்லையில் வேலி போட்ட ஒரு புல்தரை. அதில் வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானிகள், பக்கத்தில் மழைமானி. அதுதான் அண்ணனுடைய ராஜ்ஜியம். காலை எட்டரை மணிக்கு மழைமானித் தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, முட்டி போட்டுக் கண்மட்டத்தில் பார்த்து, தசமப் புள்ளியோடு எழுதுவார். கல்யாணத்தன்று காலையிலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். அன்றைக்குப் பூஜ்யம். தெருவில் அவருக்கு மழைக்காரர் என்று பெயர். துணி காயப்போடும் வீட்டுக்காரிகள் இன்றைக்கு மழை வருமா என்று கேட்டால், "நான் பெஞ்சதைத்தான் சொல்வேன். பெய்யப்போறதுக்கு வேற ஆள்" என்பார். கணவன் மனைவி சண்டையிலும் அதே கொள்கைதான். நடந்ததைப் பற்றி மட்டும் பேசுவார், அதுவும் சுருக்கமாக. மிச்சத்தைச் சல்லடையம்மா பார்த்துக்கொள்வாள்.

ஒரு மண்ணைப் பற்றி முறையாக எழுத மூன்று ஆள் வேண்டும். அது எந்த மாதிரி இடத்தில் கிடக்கிறது, சரிவு எவ்வளவு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்ல ஒருவர். அதன்மேல் எவ்வளவு மழையும் வெயிலும் விழுகிறது என்று சொல்ல ஒருவர். அதைக் கரைத்து, காய்ச்சி, அமிலம் விட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஒருவர். இங்கே மூன்று பேரும் ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்களாக அமைந்தது யார் திட்டமும் இல்லை. குழியார் கல்யாணமே வேண்டாம் என்று அண்ணன் வீட்டு மாடியறையில் தங்கிவிட்டவர். "பொண்டாட்டி வந்தா குழியை மூடச் சொல்லுவா" என்பது அவர் கட்சி.

ஆனால் மூன்று பேரின் பெயரும் பதிவேட்டில் கிடையாது.

பதிவேடு என்பது அலுவலகத்தில் இரும்பு அலமாரியில் இருக்கும் தடித்த புத்தகம். அந்த வட்டாரத்தின் மண் வகைகள் மொத்தம் அறுபத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரெதிராக இரண்டு பக்கம். அடியில் "விவரித்தவர்கள்" என்று மூன்று வரி. எல்லா வரியிலும் இவர்கள் வேலைக்குச் சேருமுன்பே ஓய்வு பெற்றவர்களின் பெயர்கள். அதன்பிறகு எந்தக் குழி மண் வந்தாலும், சோதித்துப் பார்த்து, "இது பதினாலு", "இது நாற்பது" என்று எண் போட்டு அனுப்புவதோடு சரி. ஒரு நாள் புத்தகத்தைத் தூசி தட்டும்போது முப்பத்தேழாம் மண்ணின் கீழே ஒரு பெண் பெயரைச் சல்லடையம்மா பார்த்தாள். விசாரித்ததில், இதே மேஜையில், இதே ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சலித்தவளாம். பெயருக்கு ஓரத்தில் மசியில் ஒரு கட்டைவிரல் ரேகை வேறு. அன்றிலிருந்து அந்த மூன்று வரியில் ஒரு வரி தனக்கு வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை. புருஷனிடம் மட்டும் சொன்னாள். அவர் யாரிடமும் எதுவும் சொல்கிற ஆள் இல்லை என்பதால் அது பத்திரமாக இருந்தது.

இப்படி இருக்கையில்தான், பழைய வாய்க்காலுக்குப் பக்கத்துத் தரிசில் பள்ளிக்கூடம் கட்டப்போகிறார்கள், அதற்கு முன்னால் மண் பார்த்துச் சொல்லுங்கள் என்று கடிதம் வந்தது. குழியார் போய் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு வெட்டினார். ஐந்து அடுக்கு. ஒவ்வொரு பைக்குள்ளும் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்து மண் என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிப் போடுவதுதான் வழக்கம். மை என்றால் ஈரத்தில் கரைந்துவிடும். அன்றைக்குத் தூறல் பிடித்தது. அவசரத்தில் பென்சில் குழிக்குள் விழுந்து, அவர் காலாலேயே மிதிபட்டு ஒடிந்தது. சரி போகட்டும் என்று, மார்க்கரை எடுத்துப் பைகளின் மேலேயே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று கொட்டையாக எழுதினார். குறிப்பேட்டிலும் அதே எண்களைப் போட்டு, நிறம், வேர், கல் எல்லாம் எழுதிவைத்தார். குழந்தைகூடப் படித்துவிடும் எழுத்து.

சல்லடையம்மா பைகளை வாங்கி, தட்டுகளில் பரப்பி, நிழலில் காயவைத்து, கட்டிகளை மரச்சுத்தியலால் தட்டிச் சலித்தாள். ஆய்வகத்தில் எப்போதுமே ஒன்று என்றால் மேல் அடுக்கு. அப்படியே படிவத்திலும் எழுதினாள். ஒன்றாம் மண்ணில் இரண்டு சொட்டு அமிலம் விட்டாள். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரைத்தது.

மேல்மண்ணில் இவ்வளவு சுண்ணாம்பா? இரண்டு, மூன்று என்று இறங்க இறங்க நுரை குறைந்தது, நிறம் கறுத்தது. ஐந்தாவது, காப்பித்தூள் மாதிரி கருப்பு. மக்கிய சத்து மேலே இருப்பதைப் போல நாலு மடங்கு. குறிப்பேட்டில் ஐந்துக்கு நேராகக் குழியார் "மெல்லிய வேர்கள், ஏராளம்" என்று எழுதியிருந்தார். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஏராளமான வேர். அவள் துணிக்கட்டை அவிழ்த்தாள். வேலை நேரத்தில் அவள் அதை அவிழ்த்து யாரும் பார்த்ததில்லை என்பதால் பக்கத்து மேஜைக்காரர் பயந்து எழுந்து நின்றார்.

பதிவேட்டைப் புரட்டினாள். அறுபத்தொரு மண்ணில் ஒன்றுகூட இப்படி நடந்துகொள்ளவில்லை.

அலுவலகத் தலைவி எதற்கும் அவசரப்படாதவர். எல்லாரும் மேடம் என்பார்கள். சோதனையை இன்னொரு முறை செய்யச் சொன்னார். அதே நுரை, அதே கறுப்பு. மூன்றாம் முறையும் அப்படியே வந்ததும் மேடம் நாற்காலியை விட்டு எழுந்து, ஜன்னல்வரை போய், திரும்பி வந்து, "புதைஞ்ச மண்" என்றார். எப்போதோ ஒரு வெள்ளம் வந்து, மேட்டுச் சுண்ணாம்பு மண்ணை அடித்துக்கொண்டு வந்து, பழைய நிலத்தை அப்படியே மூடியிருக்கிறது. கறுப்பாக அடியில் கிடப்பது அந்தக் காலத்து மேல்மண். குழியாரின் நில அமைப்புக் குறிப்பும் ஒத்துழைத்தது. சரிவு நூற்றுக்கு ஒன்று, தாழ்வான இடம், வாய்க்கால் நானூறு மீட்டர். வெள்ளம் வந்து உட்கார்வதற்கென்றே அமைந்த இடம். புதிய மண் என்றால் புதிய பக்கம். புதிய பக்கம் என்றால் அடியில் மூன்று வரி. மேடம் அதை வாய்விட்டே சொன்னார். "மூணு பேரும் ஒரே வீடு வேற. பக்கத்தைக் கிழிச்சு வீட்டுல மாட்டிடாதீங்க." அலுவலகம் அந்த மண்ணுக்குத் தலைகீழ் மண் என்று பெயர் வைத்துவிட்டது. தினமும் பத்து முறை அந்தப் பெயரைச் சொன்னார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் குறை. வெள்ளம் வேண்டும்.

அன்று வீட்டுக்குப் போனதும் சல்லடையம்மா புருஷனிடம் கேட்டாள். பேய்மழை எப்போதாவது பெய்திருக்கிறதா, நிலத்தையே புரட்டிப் போடுகிற மாதிரி? மழைக்காரர் தன் காலத்தில் இல்லை என்றார். அப்புறம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். தனக்கு முன்னால் இருந்தவரின் பதிவுகள் நிலையத்துப் பரணில் இருக்கின்றன என்றார். மறுநாள் விடுமுறை. காலையில் போனவர் மத்தியானம் வந்தார், ஓட்டமாக. இருபது வருஷத்துக்கு மேலான குடித்தனத்தில் அவர் ஓடி அவள் பார்த்ததில்லை. தலையெல்லாம் தூசி, மீசையில் ஒட்டடை. செருப்பைக் கழற்றுமுன் வாசலிலேயே சொன்னார்.

"முந்நூத்திப் பன்னிரண்டு புள்ளி நாலு."

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஒரே நாளில். மூன்று பேரும் கூடத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் என்ன நடந்தது என்று யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. குழியார் அண்ணனைத் தூக்கிவிட்டார் என்பது நிச்சயம், ஏனென்றால் மழைக்காரரின் தலை மின்விசிறிக்கு ஒரு சாண் தள்ளிப் போய்வந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அந்த வீடு மறக்காது. மழைக்காரர் இருபத்தைந்து வருஷமாக மாதாமாதம் தன் எண்களை உறையில் போட்டு மேலிடத்துக்கு அனுப்பியவர். அதற்குப் பதில் என்று ஒரே ஒரு முறைதான் வந்தது, இனிமேல் சின்ன உறை உபயோகிக்கவும் என்று. இப்போது முதல்முறையாக அவர் எண்கள் ஒருவருக்குத் தேவைப்பட்டன. சாப்பாட்டு மேஜை அவர் வசமானது. ஆண்டு மழைச் சராசரி தொள்ளாயிரத்துப் பதினாலு மில்லிமீட்டர், மழை நாள் ஐம்பத்திரண்டு, வறண்ட மாதம் ஐந்து, மண்ணுக்குள் அரை மீட்டர் ஆழத்து வெப்பம் இருபத்தெட்டு என்று தாள் தாளாக எழுதினார். மாதத்துக்கு ஒரு கம்பமாக மழைப்படம் வரைந்து நீல வண்ணம் தீட்டினார். மற்ற இருவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். பாட்டு முணுமுணுத்தார். எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அவருக்கே தெரியாது. புதுப் பேனா வாங்கினார். தையல்காரரிடம் நின்று வெள்ளத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். எல்லாவற்றுக்கும் மேலாக, துணி காயப்போட வந்த எதிர்வீட்டம்மாளிடம், "சாயந்திரம் ஒரு மழை இருக்கலாம்" என்றார். எதிர்வீட்டம்மாள் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள், மழைக்குப் பயந்தல்ல, அவரைப் பார்த்துப் பயந்து.

வெளியூரில் படிக்கும் மகள் அம்மாவுக்கு ஃபோன் செய்தாள். "அப்பா என்கிட்ட நாற்பது நிமிஷம் பேசினார்மா. உடம்புக்கு ஏதாவதா?"

பதிவேட்டுக்குப் பொறுப்பான பெரிய அதிகாரி வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். மேடம் சுவரில் இருந்த கரும்பலகையில் நீலச் சுண்ணக்கட்டியால் வெள்ளமே வரைந்தார். குழியார், போட்டோவுக்கு எந்தச் சட்டை எடுப்பாக இருக்கும் என்று அண்ணியிடம் இரண்டு முறை கேட்டார். செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது தன் தொழில் பெருமையை அவிழ்த்துவிட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் குழியில் இறங்கி மேலேயிருந்து சுரண்டுகிறார்கள், மேல்மண் கொட்டிக் கீழ்மண் கெட்டுப்போகிறது, தான் என்றைக்கும் அடியிலிருந்துதான் எடுப்பது என்று. அண்ணன் பெருமையோடு தலையாட்டினார். சல்லடையம்மா இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். அவள் மனசு முழுக்க அந்த மூன்றாவது வரியில் இருந்தது. தன் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்துப் போடுவதா இரண்டு எழுத்துப் போடுவதா என்று யோசனை.

புதன்கிழமை காலையில் ஜன்னல் திண்டைத் துடைக்கப் போனாள். அங்கே ஐந்து கோப்பைகள், கண்ணாடி மூடிகளோடு. உப்பு பார்ப்பதற்காக ஒவ்வொரு மண்ணையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒரு ராத்திரி ஊறவைப்பார்கள். வெள்ளம் தேடிய கூத்தில் இதை எல்லாரும் மறந்தே போய், ஆறு நாள் ஆகிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, சும்மா சேறு. ஐந்தாவது கோப்பையில், கறுப்புச் சேற்றின் நடுவே, ஊசி மாதிரி பச்சையாக மூன்று புல் முளை. பக்கத்தில் இரண்டு இலை விரித்து ஏதோ ஒரு களைச்செடி.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொள்ளும் நேரம்வரை அவளுக்கு அது அற்புதமாகவே தெரிந்தது. முப்பத்தொரு வருஷம் மண்ணுக்கடியில் தூங்கிய விதை! மாட்டிக்கொண்ட பிறகு பார்த்தால் அது வெறும் புல். தினமும் பேருந்து நிறுத்தத்தில் அவள் செருப்புக்கடியில் நசுங்கும் புல். காய்ந்து கிடந்த விதை ஆறு நாளில் ஆளைப் பார்த்துச் சிரிக்கிறது. நேற்றைய சாப்பாட்டுப் பேச்சு காதில் வந்து நின்றது. அடியிலிருந்துதான் எடுப்பது.

கோப்பையை மூடி வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். குழியார் குழாயடியில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார், அதிகாரி வருகிறார் என்று அதற்கும் ஒரு குளியல்.

"தம்பி, பையில எண் எப்பப் போட்டீங்க?"

"எடுக்க எடுக்க."

"அப்ப ஒண்ணுங்கிறது?"

"முதல்ல எடுத்தது."

"முதல்ல எடுத்தது எது?"

"அடிமண்ணு, அண்ணி. வேற எது? என்ன, போலீஸ் வேலையில சேந்துட்டீங்களா?"

"சும்மாதான் கேட்டேன்."

"அந்த நீலச் சட்டையே போட்டுக்கறேன். கட்டம் போட்டது போட்டோவுல ஆடும்."

அவள் திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தாள். படிவத்தை எடுத்து, ஐந்தை மேலே வைத்து ஒன்றை அடியில் வைத்துப் படித்தாள். மேலே கறுப்பு, வேர், மக்கு. கீழே போகப் போக வெளுப்பு, சுண்ணாம்பு. பதிவேட்டைத் திறக்கவே வேண்டியதில்லை. பதினாலாம் மண். வட்டாரத்தில் பாதி இடத்தில் கிடப்பது, அவள் இதுவரை இருநூறு முறையாவது சலித்தது, வீட்டு வாசலில் மழை நாளில் மிதியடியில் ஒட்டுவது. இருபத்தாறு வருஷமாக அவர் கீழேயிருந்து எண்ணுகிறார், அவள் மேலேயிருந்து எண்ணுகிறாள். பைக்குள் கிடந்த பென்சில் சீட்டுதான் இத்தனை நாளும் இரண்டு பேருக்கும் நடுவில் சமாதானம் பேசியிருக்கிறது. சீட்டு இல்லாத ஒரே ஒரு நாளில் ஒரு வெள்ளமே வந்துவிட்டது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துணிக்கட்டு இருந்ததால் பக்கத்து மேஜைக்காரர் தும்மல் என்று நினைத்தார்.

சிரிப்பு அடங்கினதும் அடுத்தது வந்தது. இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. குழியை மூடியாயிற்று, மேலே கல்லும் ஜல்லியும் கொட்டியாயிற்று. குழியாருக்கே தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை, நீலச் சட்டையில் இருக்கிறார். எண்கள் எல்லாம் கச்சிதம். இரண்டு நகத்தால் நாலு முளையைக் கிள்ளிப் போட்டால் வெள்ளிக்கிழமை அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அறுபத்திரண்டாவது மண், மூன்றாவது வரி. அவள் விரலை நீட்டி ஒரு முளையைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். நல்ல திடமாக இருந்தது. அதற்கு மேல் யோசித்தால் கிள்ளிவிடுவோம் என்று பயம் வந்து, கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேடம் அறைக்கு நடந்தாள். துணிக்கட்டை அவிழ்க்கக்கூட மறந்துவிட்டாள்.

மேடம் கரும்பலகையின் முன்னால் நின்று, வெள்ளிக்கிழமைக்குப் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதுதான் சல்லடையம்மாவுக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தொரு வருஷத்து விதையா என்று இரண்டு கையாலும் கோப்பையை வாங்கிக்கொண்டார். இனி விட்டால் பத்திரிகைக்குப் போய்விடும் என்று இவள் அவசர அவசரமாகச் சொல்ல, துணிக்குள் வார்த்தை மாட்டிக்கொள்ள, அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். பை, எண், பென்சில், அடிமண்.

மேடம் கோப்பையை மேஜையில் வைத்தார். பிறகு துடைப்பானை எடுத்துக் கரும்பலகையை அழித்தார். முப்பத்தொரு வருஷத்து வெள்ளம் நாலு இழுப்பில் வடிந்துபோனது. கைத்தூசியைத் தட்டிக்கொண்டு கேட்டார்.

"இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே நீங்க?"

"ஒரு நிமிஷம் இருந்து பாத்தேன் மேடம். ரொம்ப நல்லாத்தான் இருந்துச்சு."

அதற்கு மேடம் சிரித்தார். முதலில் பல் தெரியாமல், அப்புறம் மேஜையைப் பிடித்துக்கொண்டு. வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று அதிகாரிக்குக் கடிதம் எழுத வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், யாராவது கையெழுத்துப் போட வேண்டும். பையை வாங்கியவள் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று சல்லடையம்மாவே போட்டாள். முழுப் பெயரும், முன்னால் இரண்டு எழுத்தும்.

குழியாருக்குச் சொன்னபோது அவர் கழுவிய மண்வெட்டியைத் தரையில் சாய்த்துவிட்டு, விரலை மடக்கி, ஐந்திலிருந்து ஒன்றுவரை எண்ணிப் பார்த்தார். பிறகு ஒன்றிலிருந்து ஐந்து. தன்னால்தான் எல்லாம் என்று முகம் விழுந்தது. விழுந்த முகத்தோடே, "அப்ப சட்டை?" என்றார். அண்ணிக்கு அடக்க முடியவில்லை. அவருக்கும் அடக்க முடியவில்லை. குழாயடியில் இரண்டு பேரும் நனைந்ததுதான் மிச்சம்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் யார் சொல்வது என்று வழக்கு நடந்தது. நீங்கள் பெண்டாட்டி என்றார் குழியார். நீங்கள் உடன்பிறந்தவர், எனக்கு முந்தியே தெரிந்தவர் என்றாள் இவள். பையில் எண் போட்டது யார் என்ற கேள்வி வந்ததும் குழியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் வரி போனதை அவள் அலுவலகத்திலேயே இறக்கி வைத்துவிட்டாள். அவருடைய மழையை எப்படி எடுத்துக்கொண்டு போவது என்றுதான் தெரியவில்லை.

மழைக்காரர் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். வெயில் இன்னும் ஜன்னல் வழியே தாள்களின்மேல் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்கான நல்ல பிரதி எழுதி முடித்து, குழியாரின் நில வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை போதாமல் மற்ற தாள்கள் தரையெல்லாம் கிடந்தன. தலையைத் தூக்காமல், முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளி நாலைச் சிவப்பு மசியில் எழுதலாமா, அது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியுமா என்று கேட்டார்.

சல்லடையம்மா எதிரில் உட்கார்ந்து நேரடியாகச் சொல்லிவிட்டாள். சுற்றி வளைத்தால் தன்னாலேயே முடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவர் அளவுக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப அஞ்சுதான் மேல."

"ஆமாங்க."

"ஒண்ணு அடியில."

"ஆமாம்."

"இவன்தான் அப்படி எழுதினது."

"நான்தாண்ணே" என்றார் குழியார், கதவோரமாக நின்றபடி.

மழைக்காரர் பேனாவை மூடினார். அப்புறம் அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று சல்லடையம்மா பாதி எழுந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், சத்தமே வராமல். நாற்காலிதான் அவருக்குப் பதிலாகக் கிறீச்சிட்டது. எதிர்வீட்டம்மாளிடம் மழை வரும் என்று சொன்னதை நினைத்தாராம். அவள் இரண்டு நாளாகத் துணியே துவைக்கவில்லையாம். இதைக் கேட்டுக் குழியார் கதவோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். சல்லடையம்மாவுக்கு மூச்சு பிடித்தது. ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் "அடிமண்ணு" என்பார், மறுபடி ஆரம்பிக்கும்.

ஓய்ந்ததும் மழைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிவப்பு மசி தேவையில்லை என்பதுபோல நல்ல பிரதியை மடித்து ஓரமாக வைத்தார். இதோடு எழுந்து மாலை வெப்பநிலை பார்க்கப் போவார் என்று இருவரும் நினைத்தார்கள். அவர் எழவில்லை. வரைபடத்தின்மேல் குனிந்தார்.

"மழை பெஞ்சது பெஞ்சதுதானே?"

"அதுல என்னங்க சந்தேகம். ரெஜிஸ்டர்ல இருக்கே."

"அவ்வளவு தண்ணி சும்மாவா போயிருக்கும்? மேட்டு மண்ணை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டித்தானே இருக்கணும்?" நீலப் பென்சிலை எடுத்து வாய்க்காலின் போக்கில் மெதுவாக இறக்கிக்கொண்டே போனார். பள்ளிக்கூட இடத்தைத் தாண்டி, செங்கல் சூளையைத் தாண்டி, வாய்க்கால் திரும்பும் முடுக்கில் நின்று, ஒரு வட்டம் போட்டார். "தண்ணி இங்கேதான் வேகம் குறையும். நீங்க வெட்டினது வாய்க்காலுக்கு நானூறு மீட்டர் தள்ளி." தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "ஞாயித்துக்கிழமை என்ன வேலை உனக்கு?"

குழியார் உத்தரத்தில் எதையோ தேடினார்.

அந்த முடுக்கிலிருந்து ஒரு பை மண்கூட இதுவரை ஆய்வகத்துக்கு வந்ததில்லை. சல்லடையம்மாவுக்கு அது நன்றாகவே தெரியும். வட்டத்தையே பார்த்தாள். இந்த ஐந்தாறு நாளில் அவருக்கு வந்த முகம் இன்னும் அப்படியேதான் இருந்தது, ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்றே? இருந்தா அங்கே நிஜமாவே இருக்கும். அப்ப உன் பேரை யாரும் எடுக்க முடியாதில்ல?"

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தரையில் பரப்பிக் கிடந்த மழைத் தாள்கள் எதையும் மிதித்துவிடாமல், சுவரோரமாக அடிமேல் அடி வைத்து நடந்து, ஞாயிற்றுக்கிழமைக்குப் பென்சில் தேட அறையை விட்டு வெளியே போனாள்.